சரிவில் ஒரு விளக்குக் கம்பம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுண்டெலி எழுதுகிறேன். இங்கே குளிர் காதைப் பிய்க்கிறது, மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? தையல் மெஷின் அதிகம் ஓடுகிறதா, உன் வாய் அதிகம் ஓடுகிறதா?

ஒரு நல்ல சேதி. இங்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரியின் முன்கூடச் சுவரில் இயற்கைக் காட்சி வரையும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. எவ்வளவு பெரிய சுவர் தெரியுமா? நம் வீடு அதில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷம் காலண்டர் கம்பெனிக்கு அருவியும் அன்னமும் போட்டுக்கொடுத்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப் பார். தலைமை டாக்டரம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "சும்மா அழகா இருக்கிற படம் வேண்டாங்க. நெஜமா இருக்கிற ஒரு இடம் வேணும். பார்க்கிறவங்களுக்கு எழுந்து அங்க போயிடலாம்னு தோணணும்" என்றார். எனக்கு வேறு எந்த இடம் தோன்றும்? நம் வீட்டுப் பின்பக்கச் சரிவு, கீழே ஏரி, அக்கரையில் மலை.

கண்ணை மூடினால் எல்லாம் அப்படியே இருக்கிறது. பென்சிலை எடுத்தால் மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதுகூட மறந்துபோகிறது. அதனால் நீதான் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதிகாலை வெளிச்சம் வேண்டும், சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பின்பக்கச் சுவரருகே நின்று ஒன்று, பாதிச் சரிவில் ஒன்று, கீழே தண்ணீர் ஓரத்தில் ஒன்று. அக்டோபரில் திறப்பு விழா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள சுண்டெலிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். மெஷினும் ஓடுகிறது, வாயும் ஓடுகிறது, இரண்டுக்கும் போட்டி.

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "உங்க தம்பியா, அந்த ஒல்லிப் பையனா?" என்று கேட்டாள். ஒல்லிப் பையனுக்கு இப்போது தொப்பை வந்திருக்கும் என்றேன். அவளுடைய கேமராவைத்தான் இரவல் வாங்கிப் படம் எடுத்தேன். மூன்று போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். மூன்றும் பின்பக்கச் சுவரருகே நின்று எடுத்தவை. அங்கேயிருந்தே எல்லாம் தெரிகிறது, கீழே வேறு எதற்குப் போக வேண்டும்?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மா படுத்தபோது தியேட்டர் சுவர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தாய். வேறொருத்தன் அதை முடித்துப் பேரையும் வாங்கிக்கொண்டு போனான். அம்மா கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாள். இந்த முறை சுவரை முடிக்காமல் ரயில் ஏறினாய் என்றால் உன்னை வாசலிலேயே நிறுத்திவிடுவேன். இங்கே எதுவும் நடக்கவில்லை, நடக்கப் போவதும் இல்லை. நீ வரை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்கா,

போட்டோக்கள் வந்தன. நான் நலமாக இருக்கிறேன், ஆனால் போட்டோக்கள் நலமாக இல்லை.

கோபித்துக்கொள்ளாதே. குற்றம் உன்னுடையது இல்லை, கேமராவுடையது. நம் மலை எங்கே போயிற்று? போட்டோவில் அது எறும்புப் புற்று மாதிரி மூலையில் உட்கார்ந்திருக்கிறது. நாம் சிறுவர்களாக இருந்தபோது அது வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். கேமரா தூரத்தில் இருப்பதையெல்லாம் இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது. நிழல்களைத் தாரில் முக்கி எடுத்திருக்கிறது, வானத்தை வெளுத்துத் துவைத்துவிட்டது. போட்டோவை அப்படியே நம்பி வரைந்தால் ஊமைப் படமாகத்தான் வரும். கிட்டே போய் எடுத்தவை இரண்டு கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு உண்மையைப் பிடித்துவிடுவேன்.

அதனால் தயவுசெய்து கீழே இறங்கிப் போ. என்ன தூரம் அது? போட்டோவில் பார்த்தால் வீட்டுக் கூடம் மாதிரி சமமாகக் கிடக்கிறது. அதில்தானே அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போட்டு உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போவோம்? நீ அட்டையில் ஏற மாட்டாய். "நான் ஓடியே உன்னை முந்திடுவேன்டா" என்பாய், முந்தியும் விடுவாய். நான் போய்ச் சேரும்போது தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு நாளெல்லாம் அங்கேயே இருந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பாய். அம்மா மேலே நின்று இரண்டு பேருடைய பேரையும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவாள். சுவருக்கு முன்னால் சாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது அக்கா.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
சுண்டெலி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிற சமயம். வேறொன்றும் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

கீழே போகலாம் என்றுதான் பார்த்தேன். வழியெல்லாம் சேறு. சேறு காய்ந்ததும் போகலாம் என்றால் அங்கே ஒரு நாய் குட்டி போட்டு வைத்திருக்கிறது, யாரையும் அண்டவிடுவதில்லை. அதனால் சுவரருகே நின்றே இன்னும் நாலு எடுத்திருக்கிறேன். விடியற்காலையில் நீ கேட்ட வெளிச்சம். இதில் மலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது என்று டீச்சரம்மா சொல்கிறாள். இல்லை என்றால் நீயே நிமிர்த்திக்கொள், அதற்குத்தானே உன்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறார்கள்?

ஒரு புதுச் சேதி சொல்ல மறந்துவிட்டேன். மெஷினுக்கு மோட்டார் வைத்துவிட்டேன். இனி காலால் மிதிக்க வேண்டியதில்லை, ஒரு விரலை வைத்தால் தானே பறக்கிறது. எத்தனை காலம்தான் மிதிப்பது? காலத்துக்கு ஏற்றபடி நானும் மாற வேண்டாமா?

அட்டைப் பெட்டி எனக்கும் ஞாபகம் இருக்கிறது. உன் டிரவுசர் கிழிந்ததும் ஞாபகம் இருக்கிறது. தைத்துக் கொடுத்தவள் நான்தான். அதை யாரும் சுவரில் வரையப் போவதில்லை.

அக்கா


மே 14

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம். தோள்தான் வலிக்கிறது, சாரத்தில் ஏறி இறங்குவதால்.

சுவரில் வானமும் மலையும் முடிந்துவிட்டன. முழுப் படத்துக்கும் முதலில் துணியில் ஒரு சின்ன மாதிரி வண்ணத்தில் போட்டுப் பார்த்தேன். அதை போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு உண்மையைச் சொல்.

ஒரு விஷயம். சரிவில் புதிதாகத் தெருவிளக்கு போட்டிருப்பதை நீ சொல்லவே இல்லையே? நீ அனுப்பிய நாலு போட்டோவிலும் இடது ஓரத்தில் புல் மேல் ஒரு நீள நிழல் விழுகிறது. ஒல்லியான கம்பம், தலை வளைந்தது. கம்பம் படத்துக்குள் வரவில்லை, நிழல் மட்டும் வந்திருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு தொல்லை இது. நிழலை வரைந்துவிட்டுப் பொருளை விட்டுவிட்டால் பார்க்கிறவன் "இது எதோட நிழல்?" என்று கேட்டுக்கொண்டே நிற்பான், ஏரி அவன் கண்ணில் படாது. நிழலை எடுத்துவிடலாம்தான். ஆனால் டாக்டரம்மா நிஜமான இடம் கேட்டாரே, இருப்பதை ஏன் மறைக்க வேண்டும்? அதனால் அந்த விளக்குக் கம்பத்தை உள்ளே நகர்த்தி முழுதாகவே போட்டுவிட்டேன். முன்புறத்துக்கு ஒரு எடுப்பாக இருக்கிறது. உனக்குப் பிடித்திருக்கிறதா?

அன்புடன்,
சுண்டெலி


ஜூன் 8

அன்புள்ள சுண்டெலி,

உன் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன் சிரித்தேன், கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்துவிட்டது. டீச்சரம்மா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். ஏன் சிரித்தேன் என்று கேட்காதே. அந்த விளக்கு அவ்வளவு ஜோராக இருக்கிறது.

ஆமாம், போட்டார்கள். உனக்கு எழுத விட்டுப்போயிற்று.

ஏரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தண்ணீர் நிறம் எப்படிடா உனக்கு ஞாபகம் இருந்தது? நான் அனுப்பிய போட்டோவில் அந்த நிறமே இல்லையே? அம்மாவுடைய பழைய புடவை ஒன்று அந்த நிறத்தில் இருந்தது. படத்தைத் தையல் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். ஜன்னலைத் திறந்து பாருங்கள் என்கிறேன்.

நான் சுகமாக இருக்கிறேன். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? அவசரமாக எழுதுகிறேன். சாரத்தை இறக்கி முன்புறம் தொடங்க வேண்டும். அந்த விளக்குக் கம்பத்தைக் கிட்டே போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இரும்பா, சிமெண்டா? பெயிண்ட் அடித்திருக்கிறார்களா? மேலே குண்டு பல்பா, நீளக் குழல் விளக்கா? மாதிரிப் படத்தில் நானாக ஏதோ போட்டுவிட்டேன், சுவரில் அப்படி ஏமாற்ற முடியாது. கூடவே அங்கேயிருக்கும் புல்லையும் கிட்டே ஒன்று எடு.

சுண்டெலி


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தேன். வேலை அதிகம்.

விளக்குக் கம்பத்தை எடுத்துவிட்டார்கள். யாரோ ஆட்சேபித்தார்களாம். அதனால் நீயும் எடுத்துவிடு. புல்லுக்கு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன், சுவரின் மறு கோடியில் நின்று எடுத்தேன். இதற்கு மேல் கிட்டே போக முடியவில்லை.

நான் நலம்.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

விளக்குக் கம்பம் நடக்குமா?

புல் போட்டோவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், இலை எப்படி மடிகிறது என்று. வலது ஓரத்தில் அதே நிழல். அதே ஒல்லி, அதே வளைந்த தலை. எடுத்துவிட்டதாக நீ எழுதிய கம்பம் சரிவின் மறு கோடிக்கு வந்து நிற்கிறது. பழைய போட்டோக்களை எல்லாம் தரையில் பரப்பினேன். பிப்ரவரியில் வந்தவற்றிலும் மூலையில் அதன் நுனி இருக்கிறது. நீ எங்கே நிற்கிறாயோ அங்கே அதுவும் நிற்கிறது. ஒரு போட்டோவில் அதற்குப் பக்கத்தில் உன் தலையின் நிழலும் விழுந்திருக்கிறது. அந்தக் கம்பம் உன்னைவிடக் குட்டையாக இருக்கிறது அக்கா.

அது அப்பாவுடைய கைத்தடி. இரண்டு கையாலும் கேமராவைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அதைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறாய். இத்தனை மாதம் நிழலை அளந்து, கோணம் பார்த்து, உன் கைத்தடிக்குப் பல்பு மாட்டியிருக்கிறேன் நான். என்னைவிட முட்டாள் எவனாவது தூரிகை பிடித்திருப்பானா?

சேறு, நாய், மோட்டார் எல்லாம் இப்போது புரிகிறது. என்ன ஆயிற்று உனக்கு? எப்போதிலிருந்து? "நான் நலம்" என்று இன்னொரு முறை எழுதினாய் என்றால் அந்தக் கடிதத்தை நான் படிக்க மாட்டேன். எனக்கு ஆத்திரமாக வருகிறது. அழுகையாகவும் வருகிறது. நீ சொன்னால் இன்றைக்கே கிளம்புகிறேன். சொல்லாவிட்டாலும் கிளம்புவேன், ஆனால் நீ சொல்ல வேண்டும்.

தம்பி


ஆகஸ்ட் 24

சுண்டெலி,

"வராதே" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். தையல் துண்டுகளோடு தாள் துண்டுகளும் சேர்ந்து அறை குப்பையாகக் கிடக்கிறது.

இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. போன வருஷக் கடைசியிலேயே தெரியும். ஆபரேஷன் செய்து மூட்டை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். "கூட யாரும்மா இருப்பாங்க? கொஞ்ச காலத்துக்கு எழுந்து உக்கார்றதுக்கே ஆள் வேணும்" என்று கேட்டார். தம்பி இருக்கிறான், கூப்பிட்டால் வருவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் ஜனவரியில் உன் கடிதம் வந்தது, அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். அம்மாவுக்காக ஒரு சுவரை விட்டவன், எனக்காக இன்னொன்றை விட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். அதில் தப்பு இருப்பதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் போன வாரம் அந்த டாக்டர் மறுபடி படம் எடுத்துப் பார்த்தார். உன் படம் இல்லை, எக்ஸ்ரே. "இன்னும் தள்ளிப் போட்டா அப்புறம் மாத்தியும் பிரயோஜனம் இருக்காது. நடை போயிடும்" என்றார். வீட்டுக்கு வந்து ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் ஓடின சரிவு அது.

நான் நலமாக இல்லை தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறது. வா.

அக்கா


டிசம்பர் 16

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, சுவர் வேலையில் எழுத முடியவில்லை. நான் நலம். நீ புது மூட்டு வைத்த காலைப் பற்றி எழுது. டாக்டர் சொன்ன பயிற்சியெல்லாம் டீச்சரம்மா முன்னால் செய்கிறாயா, அவளுக்கு டிமிக்கி கொடுக்கிறாயா? உன்னைத் தனியாக விட்டுவிட்டு ரயிலில் உட்கார்ந்தபோது திரும்பி இறங்கிவிடலாமா என்று இருந்தது. நீ வாசல்வரை தடியில்லாமல் நடந்து வந்து காட்டியதால்தான் கிளம்பினேன்.

அக்டோபர் திறப்பு விழா நான் இல்லாமலே நடந்திருக்கிறது. மேலே வானம், மலை, ஏரி. கீழே வெறும் வெள்ளைச் சுவர். நான் லீவு கேட்கப் போனபோது டாக்டரம்மா சொன்னதை உன்னிடம் சொல்லவில்லை, நீ அழுவாய் என்று. "சுவர் எங்கயும் ஓடிப்போகாது. உங்க அக்கா கால் காத்திருக்காது. போயிட்டு வாங்க" என்றார். எலும்புக்கு வைத்தியம் பார்க்கிறவர் அவர், இந்த விஷயத்தில் அவரிடம் என்ன வாதாடுவது?

வந்ததும் நான் செய்த முதல் காரியம், மலையை அழித்துத் திரும்ப வரைந்தது. போட்டோ அதைச் சின்னதாக்கிக் காட்டியது, என் ஞாபகம் பெரிதாக்கிக் காட்டியது. நீ தூங்கும்போதெல்லாம் பின்பக்கச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தேன். மலை இரண்டுக்கும் நடுவில், தன் அளவில் பேசாமல் நிற்கிறது.

சரிவுதான் என்னை உலுக்கிவிட்டது அக்கா. போட்டோவில் அது சமமாகக் கிடந்தது. அதை நம்பித்தானே "என்ன தூரம் அது, இறங்கிப் போ" என்று உனக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினேன்? நேரில் நின்றபோது எனக்கே கால் கூசியது. எவ்வளவு செங்குத்து! கேமரா பள்ளத்தை நிரவிவிடும் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், என் வீட்டுச் சரிவில் அதை மறந்துவிட்டேன். அந்தச் சரிவுக்கு மேலே நீ தடியைச் சாய்த்து வைத்துவிட்டு எனக்காகத் தடுமாறி நின்றிருக்கிறாய்.

இப்போது செங்குத்தாகவே வரைந்துவிட்டேன். படம் முடிந்துவிட்டது. நேற்று ஒரு அம்மா, முழங்காலில் கட்டுப் போட்டிருந்தவர், அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "அழகாத்தான் இருக்கு. ஆனா எப்படி இறங்கறது?" என்று என்னைக் கேட்டார். மெதுவாக இறங்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

நீ நன்றாக இரு. அது போதும் எனக்கு.

உன் சுண்டெலி


மார்ச் 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

அக்கா எழுதுவது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், தாளை மடியில் வைத்து எழுதுகிறேன்.

வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதோடு ஒரு போட்டோ வரும். கேமராவை டீச்சரம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, அவள் பிலிமைக் கழுவிப் படம் வாங்கி வந்ததும் வைத்து அனுப்புகிறேன். இப்போதுதான் எடுத்தேன். தண்ணீர் நிறைய வந்திருக்கலாம், மலை வழக்கம்போல எறும்புப் புற்றாக வந்திருக்கலாம், என் கால் விரல் நுனியும் விழுந்திருக்கலாம். தண்ணீருக்குள் இருக்கும் காலை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டீச்சரம்மா மேலே சுவரருகே நின்றுகொண்டு "போதும், ஏறி வாங்க, ஏறி வாங்க" என்று கத்திக்கொண்டிருக்கிறாள். இறங்குவதற்கே காலையில் பாதி போய்விட்டது. உட்கார்ந்து, பிடித்து, திரும்ப எழுந்து என்று வந்து சேர்ந்தேன். ஓடி வந்ததைவிட இப்படி வரும்போதுதான் சரிவில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கண்ணில் பட்டது. சின்னச் சின்னதாக மஞ்சள் பூ பூக்கிறது, உனக்குத் தெரியுமா? உன் சுவரில் அது இல்லை.

தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. மேலே ஏற நேரமாகும். ஆகட்டும், இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

உன் அக்கா